மீனுக்குப் பேச ஓர் ஆள்

எங்கள் எல் தூலே ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் யாருக்கும் வேண்டாத பொறுப்பு ஏதாவது வந்தால், அந்த நேரம் பார்த்து வெளியே போயிருப்பவன் தலையில் அதைக் கட்டிவிடுவோம். உள்ளே இருப்பவன் "எனக்கு வேண்டாம்" என்று மல்லுக்கு நிற்பான். வெளியே இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஜனநாயகத்தில் இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரிந்து கிடையாது. வாய்க்கால் பொறுப்பாளர், கல்லறைத் தோட்டத்துச் சாவி வைத்திருப்பவர், பள்ளிக்கூடக் கழிப்பறைக் குழுவின் செயலாளர் எல்லாரும் ஒன்றுக்குப் போன இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான். அதனால் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊரில் ஒருவரும் காப்பி குடிப்பதில்லை.

தோன் என்று மரியாதையாக நாங்கள் கூப்பிடும் நெமேசியோ ஒலிவாஸ் இந்த விஷயத்தில் கில்லாடி. பின்சுவர் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கூட்டம் கலையும்வரை அசைய மாட்டார். எத்தனை தலைவர்கள் வந்து போனாலும் ஒரு பதவியிலும் சிக்காத மனிதர். அப்படிப்பட்டவர் ஒருநாள் சிக்கினார் என்றால் அதற்குக் காரணம் மூத்திரம் இல்லை, ஃபோன்.

அவருடைய மகன் இஸ்மாயேல் எல்லைக்கு அந்தப்பக்கம், டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். ஞாபகம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். எங்கள் கூட்ட மண்டபத்துக்குத் தகரக் கூரை. உள்ளே மணி அடிக்கும், பேச்சு புரியாது. வெளியே சீமைக்கருவேல மரத்தடிக்குப் போனால்தான் குரல் கேட்கும். ஃபோன் அடித்ததும் நெமேசியோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்ப்பா. நீ எப்படி..."

"நல்லா இருக்கேன். ஷிஃப்டுக்கு நேரமாச்சுப்பா. அப்புறம் கூப்பிடறேன்."

இவ்வளவுதான் பேச்சு. இந்த நேரம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே ஊர்த்தலைவர் கூக்கோ ஒரு சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும்; தலைநகரில் நடக்கும் ஆணையக் கூட்டத்தில் அந்த உயிரினத்துக்குப் பதிலாக அவர் உட்கார்ந்து பேச வேண்டும்; பதவிக்காலம் ஒரு வருஷம். பக்கத்து ஊரில் ஆமைக்கு ஆள் போட்டாகிவிட்டது. எங்கள் ஊரில் மீன்.

மீன் என்றால் எங்கள் வெந்நீர் ஊற்றில் இருக்கும், சுண்டுவிரலில் பாதி நீள மீன். நாய்க்குட்டி என்று கூப்பிடுவோம். ஒன்றையொன்று துரத்தி விளையாடும், தண்ணீரில் காலை வைத்தால் ஓடிவரும். வேறு மீனைப் போட்டால் குழம்பாகிவிடும் சூட்டில் இது குடும்பம் நடத்துகிறது. ஊற்றைத் தாண்டி எந்தப் பக்கம் நடந்தாலும் வெள்ளைப் புழுதியும் முள்ளும்தான். இந்தப் பாழில், இந்த ஒரே குட்டைக்கு அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. போக வேறு இடமில்லாததால் இங்கேயே இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

"இப்போ இல்லாதவங்க யாரு?" என்று கூக்கோ கேட்டார். பின்சுவர் ஓரத்து நாற்காலியைப் பார்த்தோம். கையைத் தூக்கினோம்.

நெமேசியோ உள்ளே வந்தபோது எல்லாரும் கைதட்டினோம். அவர் பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார்.

"என்னய்யா? யாரு செத்தா?"

"யாரும் சாகல, கொம்பாத்ரே. நீதான் மீன்," என்றார் கூக்கோ. இஸ்மாயேலுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் கூக்கோ. அந்த உறவில்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்பார்கள். உறவு இருக்கிறது என்பதற்காகப் பதவியிலிருந்து விலக்கு கிடையாது.

உண்மையைச் சொன்னால் நெமேசியோ அதிகம் வருத்தப்படவில்லை. அந்த மீன்களைத் தவிர அவருக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. மனைவி லாலா போய்ச் சேர்ந்த பிறகு, சாயங்காலம் ஆனால் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போவார். தண்ணீர் ஓடி வந்து சூடு தாங்கும்படி ஆகிற இடத்தில் ஒரு தட்டைக்கல் கிடக்கிறது. லாலா உட்கார்ந்து தேய்ந்த கல். அதில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும். அவர் அவற்றிடம் அவரைப்பயறு விலை, இஸ்மாயேலின் ஷிஃப்ட், முழங்கால் வலி எல்லாம் சொல்லுவார். "மனுஷன்கிட்ட பேசினா பதில் பேசுவான். அதைக் கேட்டுத் தொலைக்கணும். இதுங்ககிட்ட அந்தத் தொல்லையே இல்ல," என்பார். மனுஷன் யாரும் அவரிடம் பேசப் போகவில்லை என்பதுதான் நிஜம். எங்கள் வீடுகளில் டிவி இருந்தது.

முதல் கூட்டத்துக்கு, லாலாவை அடக்கம் செய்த அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு தலைநகருக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததையெல்லாம் அவரே வந்து சொன்னார். அவருக்கு இட்டுக்கட்டிச் சொல்லத் தெரியாது.

வெந்நீர் உயிரினங்கள் மாண்புரிமை ஆணையம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்ததாம். உள்ளே ஏசி போட்டுப் பல் கிட்டும்படி குளிர வைத்திருந்தார்கள். நீளமான மேஜை, ஆளுக்கொரு பெயர்ப்பலகை: தலைவர், நிபுணர், சட்டம், மீன். 'மீன்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் நெமேசியோவை உட்கார வைத்தார்கள். நாற்காலிக்குத் தோல் உறை, சுற்றுகிற வகை.

தலைவர் லிசென்சியாதோ உர்கீதி. கல்லூரிப் பட்டம் வாங்கியவரை எங்கள் நாட்டில் லிசென்சியாதோ என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பட்டம் வாங்காமல் டை மட்டும் கட்டியவரையும் அப்படியே கூப்பிட்டுவிடுவது உடம்புக்கு நல்லது.

"வரவேற்கிறோம், மீன் அவர்களே," என்றார் உர்கீதி.

நெமேசியோ பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான்."

"என் பேரு நெமேசியோங்க."

"அது வெளியில. இந்த மேஜையில நீங்க மீன். இவ்வளவு காலமா மனுஷங்க மீனைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. இனிமே மீனே பேசும். இது சரித்திரம். தலீலா, சரித்திரம்னு எழுதிக்கம்மா."

குறிப்பெடுக்கிற தலீலா எழுதிக்கொண்டாள்.

"மீன் அவர்களே, உங்க வீட்டுக்குள்ள மனுஷங்க யாராவது வர்றாங்களா?" என்று சட்டம் என்ற பலகைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

"வருவாங்களே. புனித யோவான் திருநாளன்னைக்கு விடியக்காலையில ஊரே வந்து குளிக்கும். மத்த நாள்ல நான் வருவேன். காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"நான்னா யாரு?"

"நான்தாங்க. நெமேசியோ."

"அதாவது, நெமேசியோ ஒலிவாஸ்ங்கற ஒரு ஆளு தினமும் உங்க வீட்டுக்குள்ள காலை விடறாரு. வெறுங்காலை."

"பூட்ஸோட எப்படிங்க தண்ணிக்குள்ள விடறது?"

"உங்ககிட்ட அனுமதி கேட்டாரா?"

நெமேசியோ யோசித்தார். "கேட்கலைங்க. ஆனா அதுங்களே ஓடி வரும். குதிகால்ல கடிக்கும்."

"கடிக்கும்!" என்று மேஜையைத் தட்டினார் சட்டம். "தலீலா, எதிர்ப்புத் தெரிவிச்சிருக்குன்னு எழுதிக்கம்மா."

அந்த இடத்திலேயே தீர்மானம் தயாரானது. ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி போடுவது. மனித நடமாட்டம் மீனின் மாண்புக்கு ஆகாது என்பதால் யாரையும் உள்ளே விடாமல் இருப்பது. குறிப்பாக, வழக்கமாக அத்துமீறுகிற நெமேசியோ ஒலிவாஸை வேலியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே நிறுத்துவது. உர்கீதி மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மீனுக்கு ஆட்சேபணை உண்டா?"

"உண்டுங்க! நான் வேற எங்க போவேன்?"

"இது மீன் பேசற பேச்சு மாதிரி இல்லையே. மீனுக்குப் போறதுக்கு வேற இடமே கிடையாது. இப்போ பேசினது நெமேசியோ. நெமேசியோவுக்கு இந்த மேஜையில நாற்காலி இல்ல."

"அப்போ மீன் என்னதாங்க சொல்லுது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

நெமேசியோ எங்கள் ஊரிலேயே நேர்மையான மனிதர். மீன் என்ன சொல்லும் என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "மீன் ஒண்ணும் சொல்லாதுங்க. அது மீனாச்சே."

"ஆட்சேபணை இல்லை. ஒருமனதாக," என்றார் உர்கீதி. எல்லாரும் கைதட்டினார்கள். நெமேசியோவும் மரியாதைக்குத் தட்டினார்.

வேலி வந்தது. 'மாண்புள்ள உயிரினம், நெருங்காதீர்' என்று பலகை வந்தது. அந்த வருஷம் புனித யோவான் திருநாளுக்குக் கூக்கோ தன்னுடைய மாட்டுத்தொட்டியை நிரப்பி வைத்தார். பெண்கள் வழக்கம்போல முடி நுனியை வெட்டிக்கொண்டார்கள், தர்பூசணி அறுத்தோம், ஒருவன் கிட்டாரும் கொண்டுவந்தான். ஆனால் தண்ணீர் ஜில்லென்று சாணி வாசனையோடு இருந்தது. முங்கி எழுந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கமாக மதியம்வரை நடக்கும் திருவிழா, வெயில் ஏறும் முன்னே முடிந்துபோனது.

நெமேசியோ தொட்டிப் பக்கமே வரவில்லை. வேலிக்கு வெளியே, அவருக்கென்று விதித்த தூரத்தில், புழுதியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். கூக்கோ தர்பூசணித் துண்டோடு போனார்.

"கல்லுக்கிட்ட வந்து நிக்குதுங்கடா," என்றார் நெமேசியோ.

"எதிர்ல வர்ற லாரியே உன் கண்ணுக்குத் தெரியாது. இங்கிருந்து மீன் தெரியுதாக்கும்?"

"தெரியல. ஆனா நிக்கும்."

கூக்கோ தர்பூசணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது கூட்டம் அறுவடைக்குப் பிறகு நடந்தது. ஆணையத்தின் நாள்காட்டியில் மீனின் இடது பக்கத்தை அச்சடிப்பதா வலது பக்கத்தையா என்பதில் காலை முழுவதும் போனது. இடது பக்கம் என்றால் இடதுசாரிகள் உரிமை கொண்டாடுவார்கள் என்றார் சட்டம். கடைசியில் வாலை மட்டும் அச்சடிப்பது என்று முடிவானது. மீனுக்கு ஆட்சேபணை இல்லை.

பிறகு உர்கீதி கேட்டார்: "மீன் அவர்களே, வேற ஏதாவது சொல்லணுமா?"

பஸ்ஸில் வரும்போதே நெமேசியோ இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றார்.

"தனிமையா இருக்குங்க. பகல்ல எப்படியோ ஓடிடுது. சாயங்காலம் ஆனா தாங்க முடியல. முன்னெல்லாம் நாலு பேரு வருவாங்க, போவாங்க. வேலி போட்டதுக்கப்புறம் பேச ஒரு ஆள் இல்லங்க. இப்படியே எத்தனை நாளைக்குன்னு தெரியல."

தலீலாவின் பேனா நின்றது. உர்கீதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாலாவின் அடக்கத்துக்குப் பிறகு தான் சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நெமேசியோ எங்களிடம் சொன்னார். புரிந்துகொண்டார்கள் என்றே நினைத்தாராம்.

நிபுணர் டாக்டர் லுஹான் அம்மையார் எழுந்தார். "நீர்வாழ் உயிரினம் ஒன்று தன் தனிமையைத் தானே அறிவிப்பது உலகில் இதுவே முதல்முறை," என்றார். மண்டபம் அதிர்ந்தது.

"ஐயா, நான் என்னைப் பத்திச் சொன்னேன்..."

"நாங்களும் உங்களைப் பத்தித்தான் பேசறோம், மீன் அவர்களே," என்று அவரைத் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, உர்கீதி பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, தனிமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்காதவர் ஒருவரும் இல்லை. எழுந்து நிற்கிறவர்களோடு எப்படி உட்கார்ந்து பேசுவது? மதியச் சாப்பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறேன். போன பிறந்தநாளுக்கு எல்லாக் கிளைகளிலிருந்தும் வாழ்த்து வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். அந்த வாசகத்தை எழுதிச் சுற்றறிக்கையாக அனுப்பியது நான்தான். ஆகவே மீனின் கண்ணீரை இந்த ஆணையம் துடைக்கும். தண்ணீருக்குள் இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நிதி ஒதுக்குவதற்கு அது ஒரு தடையாக இருக்கக் கூடாது!"

இப்படித்தான் தனிமை தணிப்புத் திட்டம் பிறந்தது.

திட்டத்தின்படி மீனுக்கு ஒரு துணை அலுவலர் நியமிக்கப்பட்டார். பெயர் லிசென்சியாதா நோர்மா பாயேசா; பெண் என்றால் லிசென்சியாதா. நடுத்தர வயது, பழுப்புத் தோல்பை, நெடுஞ்சாலையோரத்து ஊரில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறை. முதல் நாள் நேராக ஊற்றுக்குப் போனார். மனித நடமாட்டத்துக்குத் தடை என்று அவருடைய ஆணையமே வைத்த பலகை அவரைத் தடுத்தது. வெயிலில் நின்று விதிகளைப் புரட்டினார். மீனை நேரில் அணுக முடியாத சூழ்நிலையில் அதன் பிரதிநிதி மூலமாகத் துணை வழங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. வந்து நெமேசியோ வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீங்கதான் மீனா?"

"ஆமாங்க," என்றார் நெமேசியோ. முதல்முறையாகத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் அந்த அம்மாள் வந்து அவருடைய சமையல்கட்டில் உட்கார்ந்தார். கூக்கோ வீட்டுக்கும் நெமேசியோ வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். கூக்கோவின் மனைவி தொமாசாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆகையால் ஊருக்கும் கேட்டது.

"இன்னிக்குத் தண்ணி எப்படி இருந்துச்சு, மீனே?"

"சூடா இருந்துச்சு."

"நேத்து?"

"நேத்தும் சூடுதான்."

"புரியுது." நடுநடுவே 'புரியுது' என்று சொல்ல வேண்டும் என்பது திட்டத்தின் விதி. குறுக்கே பேசக் கூடாது, தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது, மீனைத் தவிர வேறு யாரைப் பற்றியும் விசாரிக்கக் கூடாது. இவையும் விதிகள்.

முதல் சில நாள் தண்ணீரின் சூட்டோடு பேச்சு முடிந்தது. பிறகு நெமேசியோ கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார்.

"என்கூட ஒருத்தி இருந்தா. கல்லு மேல உட்கார்ந்துக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டே இருப்பா. குளிக்கமாட்டேங்கறேன், தின்னமாட்டேங்கறேன்னு. திட்டு கேட்காத நாள்ல எனக்குப் பசியே எடுக்காது. இப்போ அவ போயிட்டா."

"எங்க போனா?"

"மேல."

"ஊற்றுக்கண் பக்கமா?"

"இன்னும் மேலங்க."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "புரியுது," என்றார்.

சுவருக்கு இந்தப்பக்கம் தொமாசா முந்தானையால்... முந்தானை எங்கள் பெண்களுக்கு ஏது, ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நெமேசியோ தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். லாலாவின் பீங்கான் கோப்பையைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினார். கடைக்கு வந்து சர்க்கரை வாங்கினார். அவர் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி குடிக்கிறவர்.

"என்ன கொம்பாத்ரே, மீனுக்குச் சர்க்கரையா?" என்று கூக்கோ சீண்டினார்.

"அரசாங்க வேலைடா. உனக்குப் புரியாது," என்றார் நெமேசியோ. ஆனால் காது சிவந்தது.

சூடான கோதுமை ரொட்டியில் வெந்த அவரைப்பயறைச் சுருட்டி அவர் கொடுப்பார். அந்த அம்மாள் சாப்பிட்டுவிட்டு, மீன் நல்ல பசியோடு இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். மனமகிழ்ச்சிக்கான நடவடிக்கை என்று விதியில் இருந்ததால் சீட்டு ஆடினார்கள். ஒருநாள் அந்த அம்மாள், "மீன் ஏமாத்துது!" என்று கத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். சிரிக்கலாமா என்று விதியில் எதுவும் இல்லை போலிருக்கிறது. நெமேசியோ அந்தச் சிரிப்பை எங்களிடம் பலமுறை சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து ரொம்ப காலம் ஆகியிருந்தது.

இப்படி ஒரு குளிர்காலம் போனது. பதவிக்காலத்தின் கடைசியில் மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது.

அன்று நோர்மாவும் வந்து பின்வரிசையில், மடியில் தோல்பையோடு உட்கார்ந்திருந்தார். லுஹான் அம்மையார் விளக்கினார். திட்டம் வெற்றி என்றால், அதாவது மீனின் தனிமை தீர்ந்திருந்தால், திட்டம் நிறைவடையும். துணை அலுவலர் பக்கத்து ஊர் ஆமைக்கு மாற்றப்படுவார், அதற்கு மனக்கலக்கம் என்று தகவல் வந்திருக்கிறது. தனிமை தீரவில்லை என்றால், ஊற்றில் வைத்து அதைக் குணப்படுத்த முடியாது என்று பொருள். மீன்களை அள்ளி வந்து ஆணையத்தின் முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். ஜனங்கள் வந்து போகிற இடம், தனிமை இருக்காது. தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்கியாகிவிட்டது.

"எனக்கும் போகும்போது வரும்போது பேச்சுத்துணையா இருக்கும்," என்றார் உர்கீதி, கொஞ்சம் ஆசையாகவே. பிறகு திரும்பினார். "சொல்லுங்க மீன் அவர்களே. இன்னும் தனிமையா?"

நெமேசியோ எழுந்தார். பின்வரிசையைப் பார்த்தார். தீரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மீன்கள் கல்லை விட்டு இந்த ஐஸ் பெட்டிக்கு வந்துவிடும். கரண்ட் போன அன்றைக்கே எல்லாம் மிதக்கும். தீர்ந்தது என்று சொன்னால் நாளை சாயங்காலம் கதவைத் தட்ட ஆள் வராது. லாலாவின் கோப்பை திரும்பப் பரணுக்குப் போகும்.

"மீனுக்குத் தனிமை இல்லைங்க," என்றார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. லுஹான் அம்மையாரை உர்கீதி கட்டிக்கொண்டார். சட்டம் தலீலாவைக் கட்டிக்கொள்ளப் போய்க் கை மட்டும் குலுக்கினார்.

"ஐயா," என்றார் நெமேசியோ, இன்னும் நின்றுகொண்டே. "இப்போ நெமேசியோ ஒரு வார்த்தை சொல்லலாங்களா?"

"நெமேசியோவா? யாரது?"

"குளத்துக்குள்ள காலை விடுவானே, அந்த ஆளுங்க," என்றாள் தலீலா.

"ஓ, அவனா! அவன் மேல உங்களுக்கு இன்னும் புகார் இருக்கா, மீன் அவர்களே?"

நெமேசியோ மேஜை மேல் இருந்த பலகையைப் பார்த்தார்.

"இல்லைங்க."

"பெருந்தன்மை," என்றார் உர்கீதி. "தலீலா, எழுதிக்கம்மா."

வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நோர்மா வந்தார். தோல்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வேலை முடிஞ்சிடுச்சு. இனிமே கேட்கலாம். உங்க பேரு என்னங்க?"

"நெமேசியோ. நெமேசியோ ஒலிவாஸ்."

"நல்ல பேரு," என்றார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஆமை ஊருக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். ஒருவரும் காப்பி குடிக்காமல் வந்திருந்தோம். மீனின் பதவிக்காலம் முடிந்துவிட்டது; புது ஆளைப் போட வேண்டும். கூக்கோ விஷயத்தைச் சொன்னதும் நாற்காலிகள் கிரீச்சிட்டன. வெளியே போக அவசரப்பட்டவன்கூடத் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பின்சுவர் ஓரமாக நெமேசியோ எழுந்து நின்றார். "நானே இருந்துக்கறேன்."

எங்கள் ஊர் சரித்திரத்தில் இப்படி நடந்ததில்லை. கூக்கோ வழக்கத்தை எடுத்துச் சொன்னார்.

"அது முடியாது, கொம்பாத்ரே. உள்ள இருக்கறவங்களுக்குக் கொடுக்கற வழக்கமே இல்லையே. நீயா கேட்டு வாங்கினா அதுல ஏதோ வரும்படி இருக்குன்னு நினைப்பாங்க. நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க."

"ஆமாமா," என்றான் ஒருவன். "அங்க என்ன கிடைக்குது, தோன் நெமேசியோ? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

சிலர் சிரித்தார்கள். நெமேசியோ சிரிக்கவில்லை.

"அங்க ஒரு நாற்காலி இருக்குடா," என்றார். "நான் போய் உட்கார்ற வரைக்கும் கூட்டத்தை ஆரம்பிக்க மாட்டாங்க. நான் வாயைத் திறந்தா எழுதிக்கறாங்க."

சிரித்தவர்கள் கீழே பார்த்தார்கள். வழக்கம் வழக்கம்தான் என்றோ, வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றோ ஒருவரும் சொல்லவில்லை.

நெமேசியோ சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அது அடிக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அது அடித்திருந்தால் எல்லாருக்கும் கேட்டிருக்கும். "சொல்லுப்பா," என்று அதைக் காதில் வைத்துக்கொண்டு, தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, வேகமாக வெளியே போனார்.

திறந்த கதவு வழியாகக் கருவேல மரத்தடியில் அவருடைய முதுகு தெரிந்தது.

கூக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்போ இல்லாதவங்க யாரு?"

எல்லாரும் கையைத் தூக்கினோம்.

செய்தி சொல்லக் கூக்கோ எழுந்து போனார். மரத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கமே நின்றுவிட்டார். நெமேசியோ இன்னும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் தண்ணி சூடுதான்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நேத்தும் சூடுதான்." பிறகு, அந்தப்பக்கம் சொல்ல ஆள் இல்லாததால், "புரியுது" என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார்.